கைப்பிரதியா, பஸ் ஸ்டாண்டு பெஞ்சா?

ஊட்டி சேரிங் கிராஸில் மூன்று சீசன், இயேசுவைப் பற்றிச் சொல்லும் கைப்பிரதி (துண்டுப் பிரசுரம்) கொடுத்திருக்கிறேன். அதற்கப்புறம் இரண்டு வருஷமாகக் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில், வெள்ளிக்கிழமை சாயந்திரம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் சர்ச் வாலிபர் ஐக்கியத்தில் இந்த வருஷமும் ‘சீசனுக்கு எத்தனை ஆயிரம் அடிக்கலாம்’ என்று பேச்சு வந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பெஞ்சுக் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கைப்பிரதியில் உள்ள வசதி எல்லோருக்கும் தெரிந்தது. பேச்சு வராதவரும் கொடுக்கலாம், மே மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தில் கட்டு காலி. ஆனால் அதை வாங்குகிற 16 வயதுப் பையன் யார்? கோவையிலிருந்தோ மைசூரிலிருந்தோ வந்தவன், இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுவான். மூன்று சீசனில், பிரதியில் போட்டிருந்த நம்பருக்குப் பள்ளிப் பிள்ளை ஒன்றுகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்ட இரண்டு பேரும் ரூம் வாடகை கேட்டார்கள். பனியில் நனைந்து ரோட்டோடு ஒட்டிப்போன தாள்களைச் சுரண்டிக்கொண்டிருந்த துப்புரவு அக்கா ஒருவர், “தம்பி, நீங்க குடுக்கறீங்க, நான் பொறுக்கறேன்” என்றார். திட்டவில்லை, சும்மா சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்று, எங்கள் சபையில் ஒரு பெரியவர் ரயிலில் கிடைத்த கைப்பிரதியால்தான் வந்தவர், அவர் முன்னால் இதை வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

கிடார், தெரு நாடகம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், வாங்கினோம். பிள்ளைகள் கூடினார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள், கை தட்டினார்கள். கூட்டாளிகள் நாலு பேர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பையனும் மனசில் உள்ளதைக் கேட்க மாட்டான்.

பெஞ்சு விஷயம் வேறு. ஹட்டிகளுக்கு, அதாவது படகர் ஊர்களுக்கு, போகிற பஸ்ஸுக்காக நிற்கிற பிள்ளைகள் வாராவாரம் அதே பிள்ளைகள்தான். பஸ் வர அரை மணியும் ஆகும், முக்கால் மணியும் ஆகும். முதல் இரண்டு மாதம் கிரிக்கெட், கணக்கு டியூஷன் தவிர வேறு பேச்சே இல்லை. பிறகு பத்தாவது படிக்கிற படகர் பையன் ஒருவன் கேட்டான்: “அண்ணா, எங்க தாத்தா ஹெத்தை அம்மனைத்தான் கும்பிட்டார். நல்ல மனுஷன். அவர் நரகத்துக்கா போனார்?”

இதற்குக் கைப்பிரதியில் ரெடிமேட் பதில் உண்டு. எதிரே இருக்கிற பையனின் கண்ணைப் பார்த்து அதை ஒப்பிக்க எனக்கு வாய் வரவில்லை. “தீர்ப்புச் சொல்கிற இடத்தில் நான் இல்லைடா. இயேசுவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அடுத்த வாரம் சொல்கிறேன்” என்றேன். அடுத்த வாரம் வந்தான். அதற்கடுத்த வாரமும். என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு முறைகளையும் பிரிப்பது இந்த ‘அடுத்த வாரம்’ ஒன்றுதான். செலவு, எண்ணிக்கை எல்லாம் அப்புறம். பாதியில் நின்ற கேள்வியோடு பையன் வீட்டுக்குப் போனால், திரும்பி வந்து கேட்க ஆள் அங்கேயே இருக்க வேண்டும். 1840களில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கேத்திக்கு வந்த, சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்களும் ஒரே நாளில் சொல்லிவிட்டுப் போகவில்லை, ஹட்டி ஹட்டியாக நடந்து, படகர் மொழி கற்று, அதற்கப்புறம்தான் பேசினார்கள்.

அதே காரணத்தால் பெற்றோரும் நம்மைக் கண்டுபிடிக்கலாம். நாலாவது வாரம் பையனுடைய அப்பா வந்து நின்றார். “என்ன தம்பி, எங்க பையன்கிட்ட என்ன பேசறீங்க?” ஒளிக்காமல் சொன்னேன். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பேசுங்க, ஆனா எனக்குத் தெரியாம சர்ச்சுக்குக் கூட்டிப் போகாதீங்க” என்றார். நியாயமான பேச்சு. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. அந்த உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெரியவர்கள் விஷயத்திலேயே அப்படி என்றால், பிள்ளைகள் விஷயத்தில் அப்பா அம்மாவைத் தாண்டிப் போக நமக்கு என்ன வேலை? அன்றிலிருந்து நான் பிள்ளைகளிடம் போன் நம்பர் வாங்குவதில்லை, பரிசு எதுவும் கொடுப்பதில்லை, வீட்டில் தெரியாமல் எங்கும் கூப்பிடுவதில்லை.

பெஞ்சிலும் குறை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் யாரும் நிற்க மாட்டார்கள், எல்லாம் கடைக்குள் ஒதுங்கிவிடுவார்கள். பெண் பிள்ளைகளிடம் நான் பேசுவதில்லை, எங்கள் சபை டீச்சர் அக்கா ஒருவர் தனியாகப் பேசுகிறார், அது எப்படிப் போகிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும். எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று கேட்டால், யாரும் இல்லை. அந்தப் பையன் புதிய ஏற்பாடு வாசிக்கிறான், அவன் அப்பாவுக்கும் தெரியும், அவ்வளவுதான்.

இந்த சீசனுக்கு 200 பிரதி மட்டும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், கேட்பவர்களுக்கு மட்டும் கொடுக்க. ஐக்கியத்தில் பாதிப் பேருக்குக் கோபம்.

போன வெள்ளிக்கிழமை பையன் வரவில்லை, பரீட்சை. அவன் அப்பா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் வரும்வரை பச்சைத் தேயிலை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.