பெண்களுக்கான குறுகிய காலத் தற்காப்பு வகுப்புகள்: ஒரு வருடம் கழித்து என்ன மிஞ்சுகிறது?

மகளிர் தினத்தை ஒட்டிக் கல்லூரிகளிலும் ஐ.டி. நிறுவனங்களிலும் நடக்கும் இரண்டு மணி நேரப் பயிலரங்கு, டெல்லி காவல்துறை நடத்துவது போன்ற பத்து நாள் இலவச முகாம், மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா நிதியில் அரசுப் பள்ளிகளில் மூன்று மாதம் நடக்கும் ராணி லட்சுமிபாய் தற்காப்புப் பயிற்சி, கராத்தே வகுப்புக்காரர்கள் நடத்தும் வார இறுதி வகுப்பு. நம் நாட்டுப் பெண்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி என்று கிடைப்பவை பெரும்பாலும் இவைதாம். முடிந்த அன்று கேட்டால் எல்லோரும் 'சூப்பராக இருந்தது' என்பார்கள். அதை வைத்து வகுப்பை எடை போட முடியாது. ஒரு வருடம் போன பிறகு, எதிர்பாராத நேரத்தில் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்தால் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் மறந்துபோவது லாக்குகள், அதாவது எதிராளியின் மூட்டை முறுக்கி மடக்கும் பிடிகள். விரலை மடக்கு, முழங்கையைத் திருப்பு, உள்ளே புகுந்து கீழே சாய் என்று மூன்று நான்கு படிகள் கொண்ட எதுவும் சில வாரங்களுக்கு மேல் நிற்பதில்லை. மறக்காமல் இருந்தாலும் பயன் குறைவு. பயத்தில் இதயம் படபடக்கும்போது கை நடுங்கும், பார்வை குறுகும், விரல்களின் நுணுக்கமான அசைவு கெட்டுப்போகும். ஒரே நாளில் வர்மப் புள்ளி சொல்லித்தருவதாக வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். அசையாமல் நிற்கும் பார்ட்னரிடம் தேடிப்பிடித்து அழுத்தும் புள்ளி, சட்டை போட்டு முண்டிக்கொண்டிருக்கும் ஆளிடம் அகப்படாது.

நிற்பவை முரட்டு அசைவுகள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கையோ தாடையையோ கீழிருந்து மேலாக இடிப்பது, முழங்கை வீச்சு, நெருக்கத்தில் முழங்கால் இடி, கீழே விழுந்தால் மல்லாந்து, கால் பக்கத்தைத் தாக்குபவன் பக்கம் திருப்பி அவன் முழங்காலைக் குறிவைத்து உதைப்பது. முஷ்டியால் குத்தப் பழக்கும் வகுப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழக்கமில்லாத கை மண்டை எலும்பில் பட்டால் சுண்டுவிரலுக்குக் கீழுள்ள எலும்புதான் முதலில் உடையும். உள்ளங்கைக்கு அந்த ஆபத்து குறைவு. விரல்களைப் பின்னால் மடக்கிக்கொண்டு, இடுப்பைத் திருப்பி அடித்தால் ஒல்லியானவர்களின் அடியிலும் எடை இருக்கும். விரலிடுக்கில் சாவியை வைத்துக் குத்தச் சொல்வதும் வேண்டாம். அது முதலில் கிழிப்பது நம் விரலைத்தான்.

மணிக்கட்டு விடுவிப்பை எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்பதிலேயே வகுப்பின் தரம் தெரிந்துவிடும். பிடித்திருக்கும் கையில் நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் தனியாக மறுபக்கம். கட்டைவிரல் நுனியும் விரல் நுனிகளும் சந்திக்கும் இடம்தான் பிடியின் பலவீனம். நம் மணிக்கட்டின் ஒடுங்கிய விளிம்பு அந்த இடைவெளிக்கு நேராக வருமாறு கையைத் திருப்பி, முழங்கையை மடக்கி, ஒரு காலைப் பின்வைத்து, உடம்பின் எடையோடு வெடுக்கென்று இழுக்க வேண்டும். பெரும்பாலோர் நேராகப் பின்னால் இழுப்பார்கள். அது நான்கு விரல்களோடு மல்லுக்கட்டுவது, ஜெயிக்காது. இதைவிடப் பெரிய கோளாறு பார்ட்னரிடம். தோழிக்கு வலிக்கக்கூடாதென்று அவர் பாதியிலேயே பிடியை விட்டுவிடுவார், இவரும் 'வந்துவிட்டது' என்று நினைத்துக்கொள்வார். கடைசி பத்து நிமிடமாவது முழுப் பலத்தோடு பிடிக்கச் சொல்லும் மாஸ்டரிடம் போங்கள். பலசாலி இரண்டு கையாலும் பிடித்தால் இழுத்து மட்டும் வெளியே வர முடியாது, முதலில் அடித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும் என்பதையும் அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

டிராக் பேன்ட், மெத்தை, வெறும் கால் என்று மட்டுமே பழகியவர்களுக்குத் துப்பட்டாவோ பின்னலோ பிடிபட்டால் கை கால் ஓடாது. பின்னலைப் பிடித்தால் அவன் கையை நம் இரண்டு கைகளாலும் தலையோடு அழுத்திக்கொண்டு, அவன் பக்கமாகவே திரும்பி உதைப்பது ஒரு அமர்வில் படிந்துவிடக்கூடிய விஷயம். வழக்கமாக உடுத்தும் உடையிலேயே ஒரு அமர்வு நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு மணி நேரப் பயிலரங்கில் எத்தனை அடி அடிக்கக் கிடைக்கும் என்று கணக்குப் போடலாம். அறுபது பேர், அடி வாங்குவதற்குக் கையில் பிடிக்கும் மெத்தைப் பேட் இரண்டு. சிறப்பு விருந்தினர் உரை, வார்ம்-அப், செய்துகாட்டல், போட்டோ எல்லாம் போக நாற்பது நிமிடம் மிஞ்சும். அடிக்குப் பத்து வினாடி என்றால் ஆளுக்கு எட்டு அடி. அதில் எதுவும் உடம்பில் படியாது. பள்ளிகளின் மூன்று மாதப் பயிற்சியில் நாட்கள் உண்டு, ஆனால் பல இடங்களில் வரிசையாக நின்று காற்றில் குத்துவதோடு முடிகிறது. எதிரே தள்ளுகிற, திமிறுகிற ஆள் இல்லாத பயிற்சி உடற்பயிற்சியாக மட்டுமே மிஞ்சும். பதினைந்து பேருக்கு ஒரு மாஸ்டர், இருவருக்கு ஒரு பேட், கவசம் அணிந்த ஒரு ஆள். இது இருந்தால் பன்னிரண்டு மணி நேரமே கணிசமானது.

பன்னிரண்டு என்பதற்குக் காரணம் உண்டு. குறுகிய பயிற்சி உண்மையில் காப்பாற்றுமா என்று முறையாகச் சோதித்துப் பார்த்ததில் முக்கியமானது கனடாவின் விண்ட்சர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷார்லீன் சென் உருவாக்கிய பயிற்சி. மூன்று மணி நேரம் வீதம் நான்கு பகுதிகள். மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகள் 893 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பயிற்சியும் மறு பிரிவுக்குத் தகவல் பிரசுரங்களும் கொடுத்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பிரசுரம் பெற்ற பிரிவில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 சதவீதம். வன்புணர்வு முயற்சி 9.3இலிருந்து 3.4 ஆக இறங்கியது. பயன் இரண்டு ஆண்டு வரை நீடித்ததாகவும் பிறகு உறுதியானது. இத்தனைக்கும் அடி உதை அந்த நான்கில் ஒரு பகுதியில்தான் வருகிறது. மற்ற நேரமெல்லாம் தெரிந்த ஆணிடம் ஆபத்தின் அறிகுறியை அடையாளம் காண்பது, 'அவராவது அப்படிச் செய்வதாவது' என்ற தயக்கத்தை உடைப்பது, தனக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்பதில் தெளிவடைவது.

நம் ஊர் வகுப்புகளின் பெரிய ஓட்டை இங்கேதான். இருட்டுச் சந்தில் பின்னாலிருந்து பாயும் முகம் தெரியாதவனைத்தான் எல்லா வகுப்பிலும் நடித்துக் காட்டுகிறார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளிலோ, வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். மாமா முறைக்காரர், டியூஷன் சார், டீம் லீடர், வேன் டிரைவர் என்று நடிக்க வைத்து, 'சார், கையை எடுங்க' என்று பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சொல்லப் பழக்கும் வகுப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். முதல் தடவை பாதிப் பேருக்குக் குரலே வெளிவராது, சிரிப்பு வந்துவிடும். அடிவயிற்றிலிருந்து சத்தம் வர நாலைந்து சுற்றாவது ஆகும். கெஞ்சுவதும் அழுவதும் தாக்குபவனை நிறுத்துவதில்லை, கத்துவதும் எதிர்த்து அடிப்பதும் ஓடுவதும்தான் தப்பிக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. உடம்பு உறைந்துபோவதும் இயல்பே, அது சம்மதமும் ஆகாது குற்றமும் ஆகாது என்று மாஸ்டர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொடுவதற்கு முன் அனுமதி கேட்காத மாஸ்டரிடம் இந்தப் பாடத்தைக் கற்க முடியாது.

கத்தியைப் பிடுங்குவதை முதல் நாளே காட்டினால் எழுந்து வந்துவிடலாம். கத்திக்கு அரை நாள் பாடம் கிடையாது. பர்ஸை எறிந்துவிட்டு ஓடுவதே பாடம். பெப்பர் ஸ்ப்ரேக்குக் காலாவதி தேதி உண்டு, எதிர்க்காற்றில் நம் கண்ணுக்கே திரும்பும், பையின் அடியில் கிடந்தால் எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

சட்டத்துக்குக் கால் மணி நேரம் போதும், ஆனால் பல வகுப்புகளில் அதுவும் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. வன்புணர்வு, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்களில் எதிராளியின் உயிர் போனாலும் 38ஆவது பிரிவு காப்பாற்றும். தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்கிறது 37. அதனால் அவன் விழுந்த பின்னும் நின்று உதைக்காமல் ஓட வேண்டும். புகாரை எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

வகுப்பு முடிந்தபின் வாரம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கெட்டியான தலையணையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க வீட்டில் ஒருவர், பக்கத்துக்கு இருபது உள்ளங்கை இடி, பத்து முழங்கால் இடி, ஒவ்வொன்றுக்கும் சத்தம். மணிக்கட்டை அண்ணனையோ கணவரையோ முழுப் பலத்தோடு பிடிக்கச் சொல்லுங்கள். இப்படிச் செய்யாதவர்களுக்கு நாளாக நாளாக அடியின் வேகம் குறைந்துவிடும், குரலும் அடங்கிவிடும். ஆறு மாதத்தில் ஒரு நாள் இலவசமாகத் திரும்பப் பழக வரலாமா என்று பணம் கட்டும் முன்பே மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள்.