புது கூலன்ட் டேங்க் என்று சொல்லிப் பழையதை மாட்டிவிட்டார்கள்: பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒருமுறை படியுங்கள்

நேற்று ராத்திரி நடந்தது இன்னும் எனக்கு ஆறவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. பழைய வண்டிகளை மட்டும் எடுத்து வேலை பார்க்கும் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப், அவ்வளவுதான். போனது என் அரை மாதச் சம்பளம்.

வண்டி 2009 மாடல். அப்பா வாங்கியது, அவர் பார்த்துப் பார்த்து ஓட்டியது. அவருக்குக் கண் மங்கிய பிறகு சாவி என் கைக்கு வந்தது. மூன்று மாதமாகக் கூலன்ட், அதாவது என்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே இருந்தது. நிறுத்துகிற இடத்தில் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஊற்றுவேன், பத்து நாளில் மறுபடி இறங்கியிருக்கும். ஒருநாள் வண்டியை நிறுத்தி இறங்கியதும் பானெட் பக்கமிருந்து ஒரு இனிப்பு வாசனை. டார்ச் அடித்துப் பார்த்தால், டேங்கின் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒட்டும் தையலில் உப்புப் பூத்தது மாதிரி வெள்ளையாக ஒரு கோடு.

அதை வெறும் பிளாஸ்டிக் பாட்டில் என்று நினைக்காதீர்கள். சில வண்டிகளில் ரேடியேட்டருக்குத் தனி மூடி இருக்கும், வழிவதைப் பிடித்து வைப்பதுதான் பாட்டிலின் வேலை, அதில் அழுத்தம் ஏறாது. எங்கள் வண்டி அப்படி இல்லை. டேங்கின் மூடிதான் மொத்த கூலிங் சிஸ்டத்தின் அழுத்தத்தையும் பிடித்து நிறுத்துகிறது, எங்களுடையது 1.4 பார். அந்த அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் ஓடுகிறது. இவ்வளவையும் தாங்குகிற டேங்க் தினமும் சூடாகிறது, ஆறுகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் போனால் பிளாஸ்டிக் இறுகி, எளிதில் உடைகிற மாதிரி ஆகிவிடும். முதலில் மயிரிழை விரிசல்தான் விழும். என்ஜின் சூடாகி அழுத்தம் ஏறும்போது மட்டும் அது வாய் திறக்கும், ஆறியதும் மூடிக்கொள்ளும். கசிந்த கொஞ்சமும் சூட்டிலேயே காய்ந்துவிடும். தரை காய்ந்து கிடந்ததற்கு அதுதான் காரணம்.

சரி, மாற்றிவிடலாம் என்று அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணனை நான் ஏன் நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏமாந்தது அந்த இடத்தில்தான். அவர் எடுத்த எடுப்பில் விலை பேசவில்லை. கை பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து டேங்க் வாயில் பொருத்தி, என்னையே பக்கத்தில் நிற்க வைத்து, காற்றை ஏற்றிக் காட்டினார். மீட்டர் முள் மெல்ல மெல்ல இறங்கியது. தையல் மேல் துளித்துளியாக முத்துப் போல் வந்தது. "பாத்தீங்களா தம்பி, இதை ஒட்டித் தாங்கன்னு மட்டும் கேக்காதீங்க. இந்த பிளாஸ்டிக்ல பசை நிக்காது. ஒட்டிக் குடுத்தா அது நான் உங்களுக்குப் பண்ற துரோகம்" என்றார்.

துரோகம் என்ற வார்த்தையை அவர்தான் சொன்னார். நான் சொல்லவில்லை. அந்த வார்த்தையில்தான் விழுந்துவிட்டேன். இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவர் என்று நினைத்து மறுபேச்சுப் பேசவில்லை. கம்பெனி டேங்க், புது மூடி, இரண்டு ஹோஸ், கிளாம்ப், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து அரை மாதச் சம்பளம். அட்டைப்பெட்டியைக் காட்டினார். டேங்க் கன்னங்கரேல் என்று பளபளத்தது. பழைய டேங்கைக் கேட்டேன், "அது ஸ்கிராப்ல போயிடுச்சு தம்பி" என்றார். பில்லில் 'கூலிங் வேலை, மொத்தம்' என்று ஒரே வரி. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் காலையில் மூடியைத் திறந்து பார்த்தால் அளவு இறங்கியிருந்தது. போன் செய்தேன். "உள்ள இருந்த காத்து வெளிய வருது, ரெண்டு மூணு நாள் அப்படித்தான் இறங்கும், கொஞ்சம் ஊத்திக்குங்க" என்றார். இது பாதி உண்மை என்பதுதான் கொடுமை. கூலன்ட் மாற்றினால் சிஸ்டத்தில் காற்று சிக்கத்தான் செய்யும், அது வெளியேறினால் அளவு ஒருமுறை இறங்கத்தான் செய்யும். அதனால் நம்பினேன். ஊற்றினேன். ஏழாம் நாள் மறுபடி இறங்கியது, மறுபடி போன், மறுபடி அதே பதில், இந்த முறை கொஞ்சம் சலிப்போடு.

ஒன்பதாம் நாள், அதாவது நேற்று ராத்திரி, அப்பாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நின்றது. திடீரென்று முன்னால் வெள்ளைப் புகை, கண்ணாடி முழுக்க ஆவி. ஓரம் கட்டி என்ஜினை அணைத்தேன். டேங்கின் அடித் தையல் விரல் நீளத்துக்குப் பிளந்து, கொதிக்கிற தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. அப்பா இறங்கி வந்து, பழைய பழக்கத்தில், மூடியைத் திறக்கக் கையை நீட்டினார். அவர் கையைத் தட்டிவிட்டேன். என் அப்பா கையை நான் தட்டிவிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நொடி பிந்தியிருந்தால் அவர் முகம் வெந்திருக்கும். பணத்தைவிட இதுதான் என்னை விடாமல் அறுக்கிறது.

ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். அங்கிருந்து போன் செய்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை யாரோ பையன் எடுத்து "அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு" என்றான். மூன்றாம் தடவை அவரே எடுத்தார். "நீங்க அளவுக்கு மேல ஊத்திட்டீங்க, அதான் வெடிச்சிருக்கு." ஊற்றச் சொன்னதே அவர்தான்! அதைச் சொன்னேன். "பிளாஸ்டிக் சாமானுக்கெல்லாம் கேரண்டி கிடையாது தம்பி, பில்லைப் பாருங்க" என்றார். பில்லில் டேங்க் என்ற வார்த்தையே இல்லை. பிளந்த டேங்கைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இல்லை. இன்று காலை முதல் என் நம்பரை எடுப்பதே இல்லை.

இன்று வேறொரு மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனோம். அவர் டேங்கைக் கழற்றி, கவிழ்த்து, துணியால் துடைத்தார். அடியில் கடிகாரம் மாதிரி ஒரு சின்ன வட்டம் இருந்தது. சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் அம்புக்குறி, அம்புக்குப் பக்கத்தில் 08. அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் சாமான்கள் பலவற்றில் இந்த முத்திரை இருக்கும், அது செய்த மாதமும் வருடமும் என்று விளக்கினார். அம்பு 6-ஐக் காட்டியது. 2008 ஜூன். எனக்குப் 'புதுசு' என்று மாட்டியது என் வண்டியைவிட மூத்த டேங்க்! வேறு ஏதோ உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது. வெள்ளை டேங்க் என்றால் மஞ்சளாகி வயதைக் காட்டிக் கொடுத்துவிடும், கறுப்பில் அது தெரியாது, பாலிஷ் அடித்தால் போதும். அடித் தையலில் கறுப்புப் பசை பூசியிருந்தது, நகத்தால் நெம்பியதும் தோல் உரிவது போல் கையோடு வந்தது. பசை நிற்காது என்று என்னிடம் சொன்ன அதே மனிதர்.

மூடியும் பழையதுதான், ரப்பர் வளையம் கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. உள்ளே ஊற்றியதில் ஒரு சொட்டு எடுத்துச் சோதித்தார். கிட்டத்தட்ட வெறும் தண்ணீர், நிறம் மட்டும் கலந்திருக்கிறது. கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி என்று சொல்லித்தான் என்னிடம் காசு வாங்கினார்கள். முள் ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். தண்ணீர் வடிந்து சென்சார் வெறும் காற்றில் நின்றால் சூடு சரியாகக் காட்டாதாம். ஹெட் கேஸ்கெட், அதாவது என்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்குமோ என்று பயந்து அதையும் பார்க்கச் சொன்னேன். நீல நிற மருந்தை டேங்க் வாயில் வைத்துப் பார்த்தார், கேஸ்கெட் போயிருந்தால் மஞ்சளாகுமாம், நீலம் மாறவில்லை. உடனே அணைத்ததால் என்ஜின் தப்பித்தது. இவரிடம் நிஜமான புது டேங்க், புது மூடி எல்லாம் போட்டதற்கு ஆன செலவு, அங்கே கொடுத்த அரை மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை, கை நடுங்குகிறது. இதை மட்டும் மனதில் வையுங்கள். மாட்டுவதற்கு முன்னால் டேங்கைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பாருங்கள், அந்தக் கடிகார வட்டம் இருந்தால் வருடத்தைப் படியுங்கள். பழைய டேங்கைத் திருப்பி வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பில்லில் ஒவ்வொரு சாமானும் தனித்தனி வரியில் வர வேண்டும். வேலை முடிந்ததும் அதே கை பம்பை வைத்து மறுபடி ஏற்றச் சொல்லுங்கள், கால் மணி நேரம் முள் இறங்காமல் நிற்கட்டும். அப்புறம், என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியை யாரும் தொடாதீர்கள், வீட்டில் பெரியவர்களிடம் தனியாகச் சொல்லி வையுங்கள். கூலன்ட் கீழே கொட்டினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது இனிக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும்.

பிளந்த டேங்க் இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. நாளைக் காலை கடை திறக்கும் நேரத்துக்கு அதை எடுத்துக்கொண்டு நேரில் போகிறேன். என் அரை மாதச் சம்பளம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.