சத்தமில்லாத சைக்கிள் வழி: எந்த வரைபடம் எதை மறைக்கிறது?

பெருநகருக்குள் அமைதியான சைக்கிள் வழி தேட நான்கு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன: கூகுள் மேப்ஸின் சைக்கிள் வழிகாட்டி, உடற்பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் பலர் போன வழிகளைப் பளிச்சென்று காட்டும் ஹீட்மேப், பொதுமக்களே வரையும் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை வைத்து வழி போடும் பிரௌட்டர், நேரில் போய்ப் பார்ப்பது. நான்குக்கும் ஒரே அளவுகோல் வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

அந்த அளவுகோல் 2012-இல் வந்தது. மெக்குரியா, ஃபர்த், நிக்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சாலைகளைச் சைக்கிளோட்டிக்கு உண்டாகும் பதற்றத்தை வைத்து 4 நிலைகளாகப் பிரித்தார்கள். 1 என்றால் குழந்தையும் ஓட்டலாம்; 4 என்றால் துணிந்தவர்களுக்கு மட்டும். ஒரு வழியின் நிலை அதன் மிக மோசமான துண்டின் நிலைதான், சராசரி எடுப்பதில்லை. 5 கிலோமீட்டர் மரநிழல் தெருவாக இருந்தாலும், நடுவில் சிக்னலும் நடுத்தடுப்பும் இல்லாத ஆறுவழிச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் அந்த வழி நான்காம் நிலை. ஆகவே ஒவ்வொரு முறையும் அந்தக் கடவையை நமக்குக் காட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

கூகுளை முதலில் முடித்துவிடலாம். 2010-இல் அமெரிக்காவில் தொடங்கிய இதன் சைக்கிள் வசதி எல்லா நாடுகளிலும் கிடையாது. இருக்கும் இடத்தில் அடர்பச்சை என்றால் வாகனம் நுழையாத பாதை, பச்சை என்றால் சாலையில் ஒதுக்கிய தடம், புள்ளிப்பச்சை என்றால் சைக்கிளுக்கு ஏற்ற தெரு. பலர் சறுக்குவது நடுவில் உள்ள பச்சையில். பேருந்துகள் உரசிக்கொண்டு போகும் பெருஞ்சாலையில் வெள்ளைக் கோடு போட்டிருந்தாலும் அது பச்சைதான். ஏன் இந்த வழியைத் தந்தாய் என்று கேட்கவும் முடியாது, கணக்கை மாற்றவும் முடியாது. சைக்கிள் வசதி இல்லாத ஊரில் நடைவழியைக் கேட்டுப் பாருங்கள். கார்வழி காட்டாத சந்துகளெல்லாம் வெளியே வரும். அதில் வரும் படிக்கட்டையும் ஒருவழித் தெருவையும் நீங்களேதான் கழிக்க வேண்டும்.

ஹீட்மேப்பைப் பலரும் தலைகீழாகப் படிக்கிறார்கள். பளிச்சென்று எரியும் கோட்டைப் பார்த்ததும் ‘எல்லோரும் போகும் நல்ல வழி’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஓட்டத்தைப் பதிவு செய்பவர்களில் பயிற்சிக்காக வேகமாக ஓட்டுகிறவர்கள் மிகுதி. அவர்களுக்கு வேண்டியது நிற்காமல் ஓடும் நீளமான சாலை, அதுவும் விடியற்காலையில். பளிச்சென்ற கோடு பெரும்பாலும் பிரதான சாலையாகவே இருக்கும். நமக்கு வேண்டியது மங்கலான இழை.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே தண்டவாளம். சாதாரண வரைபடத்தில் இருபுறமும் முட்டுச்சந்து. ஹீட்மேப்பில் மட்டும் ஓர் இழை தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டுகிறது. அது சுரங்கப்பாதையாக இருக்கலாம், படிக்கட்டு வைத்த நடைமேம்பாலமாகவும் இருக்கலாம். சைக்கிள் அடுக்கையும் ஓட்டப்பயிற்சி அடுக்கையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். ஓடுகிறவர்களின் இழை தடித்தும் சைக்கிள் இழை இல்லாமலும் இருந்தால் அங்கே படிக்கட்டு இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டிலும் இருந்தால் போய்ப் பார்க்கத் தகுந்த இடம். இழை குறுக்கே வெட்டாமல் தண்டவாளத்தின் மேலேயே நீண்டால், யாரோ பதிவை நிறுத்தாமல் ரயிலேறியிருக்கிறார்கள்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. 2018-இன் தொடக்கத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப்பாதைகள் இதில் தெரிகின்றன என்று சர்ச்சை எழுந்தது. அதன்பின், பல பேர் பதிவு செய்யாத வழிகளை ஸ்ட்ராவா காட்டுவதில்லை. உண்மையிலேயே யாருக்கும் தெரியாத சந்து இதில் வராது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் நகர்ந்து, பக்கத்துத் தெருவில் கோடு விழுவதும் உண்டு. கடவையைப் பற்றி இது வாயே திறக்காது.

நான்கில் அதிக நேரம் செலவிடத் தகுந்தது பிரௌட்டர். இதன் கணக்கு எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது: சாலை வகைக்கு ஒரு பெருக்கெண் வைத்து நீளத்தைப் பெருக்கி, எது குறைவோ அதைத் தருகிறது. பெருஞ்சாலை வழி 4 கிலோமீட்டர், தெருக்கள் வழி 5.2 கிலோமீட்டர், தெருவின் பெருக்கெண் 1 என்று வையுங்கள். பெருஞ்சாலைக்கு 1.2 கொடுத்தால் 4.8 ஆகிறது, பெருஞ்சாலையே ஜெயிக்கும். 1.4 கொடுத்தால் 5.6, வழி தெருவுக்குள் திரும்பிவிடும். உற்சாகத்தில் 5 கொடுத்தால் வேறு வம்பு. 200 மீட்டர் பெருஞ்சாலையைத் தவிர்க்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சுற்றவைக்கும். 1.5-இல் தொடங்கி மெல்ல ஏற்றுவது நல்லது. மோசமான சந்திப்பு தெரிந்திருந்தால் அதன்மேல் ஒரு தடைவட்டம் வரைந்தால் போதும். வழி அதை விட்டு விலகும்.

இது கெடுவதெல்லாம் தரவால். பூங்காப் பாதையும் தெருவும் படத்தில் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தெரியும். தரவில் அவை ஒரே புள்ளியில் இணைக்கப்படாமல் இருந்தால் வழி ஊரைச் சுற்றும். காரணமில்லாமல் பெரிய சுற்று வந்தால் அந்த மூலையை முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள். தரைவகை குறிக்காத பாதையை நல்ல பாதை என்றே எடுத்துக்கொள்வதும் நடக்கும். மழைக்குப் பிறகு அது சேறு. இன்னொரு பயன் பலருக்குத் தெரியாது. கார் நுழையாமல் நட்ட குட்டைத் தூண்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தனியே குறிக்கப்படுகின்றன. தூண் நின்றால் அந்தத் தெருவில் குறுக்குவழி தேடும் கார்கள் இல்லை, சைக்கிள் புகும். ஒரு பகுதியின் தூண்களையெல்லாம் தேடி எடுத்துக் கோத்தாலே பாதி வழி கிடைத்துவிடும்.

கிடைக்கும் வழிகளும் ஒன்றுபோல் இருக்காது. நீரோரப் பாதையில் கடவைகள் குறைவு, ஆனால் ஏறிவந்துவிட்டால் நடுவில் வெளியேற இடம் இருக்காது. பாலத்தடியில் தலை இடிக்கும், இரவில் விளக்கும் இராது. கைவிட்ட ரயில்பாதையில் ஏற்றமே தெரியாது. சின்னத் தெருக்களைக் கோத்த வழி எப்போதும் திறந்திருக்கும், ஆனால் திருப்பங்கள் கொல்லும். கிலோமீட்டருக்கு நான்கு திருப்பத்துக்குமேல் போனால் வழி மனதில் நிற்காது. கொஞ்சம் நீளமானாலும் நேரான தெருவே மேல்.

நேரில் போவதற்குமுன் கடவைகளை மட்டும் தெருப்படத்தில் (கூகுளின் ஸ்ட்ரீட் வியூ) பாருங்கள்: சிக்னல் இருக்கிறதா, நடுத்தடுப்பில் சைக்கிள் நிற்க இடமிருக்கிறதா, தடுப்புக்கம்பிகளுக்கு நடுவே ஹேண்டில்பார் நுழையுமா. படம் எடுத்த மாதமும் ஆண்டும் ஓரத்தில் இருக்கும்; பழைய படத்தை நம்ப வேண்டாம்.

முதல் ஓட்டத்தை ஞாயிறு காலையில் வைப்பது வழி பழக மட்டும். அமைதியை அளக்க, நீங்கள் வழக்கமாகப் போகும் நேரத்தில், வேலைநாளில் போக வேண்டும். வட அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகள் சங்கமான நேக்டோ, தன் 2012 வழிகாட்டியில், சைக்கிளும் காரும் கலந்து ஓடும் அமைதித் தெருவுக்கு நாளொன்றுக்கு 1,500 வாகனங்களுக்குக் கீழ் நல்லது, உச்சவரம்பு 3,000 என்றது. நெரிசல் மணியில் நாள் கணக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஓடும் என்று கொண்டால், தெருமுனையில் 10 நிமிடம் நின்று எண்ணினாலே தெரிந்துவிடும். 25 வாகனத்துக்குள் என்றால் வைத்துக்கொள்ளலாம். 50-ஐத் தாண்டினால் அடுத்த தெருவைப் பாருங்கள். பள்ளி வாசல் இருக்கும் தெருவை மட்டும் பள்ளி விடும் நேரத்தில் இன்னொரு முறை எண்ண வேண்டும். அந்த இருபது நிமிடம் அது வேறு தெரு.