ஆங்கில–அரபு வார்த்தை ஆப்: சந்தா பாதியாகிவிட்டது, கட்டலாமா?

எங்கள் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த பெண் நேற்று கேட்டாள்: "அக்கா, அந்த அரபு ஆப்புக்கு வருஷச் சந்தா பாதியாக் குறைஞ்சிருக்கு. நீங்கதான் ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே, கட்டலாமா?" வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இது.

சென்னை கிரீம்ஸ் சாலைப் பக்கம் மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அரபு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. ஓமன், ஏமன், ஈராக், சூடான் என்று நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் எந்நேரமும் பக்கத்தில் இருப்பதில்லை.

ஆப்பில் குறை சொல்ல முடியாதவை நிறைய. சிக்னல் கிடைக்காத பேஸ்மென்ட் ஸ்கேன் அறையிலும் ஓடும். மறந்துபோகும் நேரம் பார்த்து அந்த வார்த்தையை மறுபடி முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். உடல் உறுப்பு, மருந்து, உணவு எல்லாம் தனித்தனிப் பிரிவு. இதெல்லாம் தெரிந்ததுதான்.

என் கோபம் முழுக்க ஒரே விஷயத்தில். அரபு வார்த்தைகளுக்கு ஜபர், ஜேர், பேஷ் என்று எழுத்துக்கு மேலும் கீழும் போடும் உயிரொலிக் குறிகள் எதுவுமே போடவில்லை. சின்ன வயதில் மதரசாவில் ஓதியவள் நான். எழுத்துக் கூட்டத் தெரியும், ஆனால் குறி இருந்தால்தான் வாய் வரும். ஸீன், காஃப், ரா என்று மொட்டையாக மூன்று எழுத்து நிற்கிறது. சுக்கர் என்று படித்தால் சர்க்கரை, சுக்ர் என்று படித்தால் போதை. சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு பெரியவரிடம் விசாரிக்கும் இடத்தில் இதை எப்படி நம்பிப் படிப்பது?

நியாயமாகப் பார்த்தால் இது முதலில் ஆங்கிலம் படிக்கும் அரபிகளுக்காகச் செய்தது. அவர்களுக்குக் குறி தேவையில்லை. பேப்பரும் கடைப் பலகையும் அப்படியே படித்து வளர்ந்தவர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிற்பாடு "அரபு கற்க" என்று ஒரு பகுதி சேர்த்து அதற்குத் தனியாகப் பணம் வாங்குகிறார்களே, அங்கேயும் அதே மொட்டை எழுத்துதான். எழுதிக் கேட்டால் "அடுத்த அப்டேட்டில்" என்று பதில். போன், கணினி எழுத்துகளுக்கான யூனிகோடில் இந்தக் குறிகள் எல்லாம் இருக்கின்றன. என் நன்னி, அதாவது பாட்டி, வைத்திருந்த அரபுத் தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) கிதாபுகளில், அரபியில் இல்லாத எ, ஒ-வுக்குக்கூடத் தனிக் குறி இருக்கும். கல் அச்சில் ஏற்றியவர்களுக்கு இருந்த அக்கறை இவர்களுக்கு வேண்டாமா?

குரலைக் கேட்டுப் பழகலாமே என்பார்கள். அந்தக் குரலும் மெஷின் குரல். குறியில்லாத எழுத்தைத்தான் அதற்கும் கொடுக்கிறார்கள். முன்பின் வாக்கியம் இல்லாமல் அது ஊகித்துப் படிக்கிறது. மஸ்கட்டிலிருந்து முட்டி வலிக்கு வந்த ஒரு பாட்டியிடம், மூட்டு என்ற வார்த்தையைப் போட்டுக் காட்டினேன். ஆப் "முஃபஸ்ஸல்" என்றது. அப்படிப் படித்தால் விரிவானது என்று பொருள். பாட்டி போனை வாங்கி எழுத்தைப் பார்த்தார், தன் முட்டியை இரண்டு தட்டு தட்டி "மஃப்ஸில்" என்றார். என்னைச் சொல்லவைத்து, ஸாத் என்ற எழுத்தை அழுத்தச் சொல்லி, திருப்தியான பிறகுதான் விட்டார். ஆப்பில் அதே வார்த்தைக் கார்டில் இருந்த ஆங்கில வார்த்தையை அவருடைய பேரன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இது நான் எதிர்பார்க்கவே இல்லை. காத்திருக்கும் நேரத்தில் இந்த ஆப்பைத் திறந்தால் நோயாளியோடு வந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். அவர்கள் எனக்கு உச்சரிப்பு சொல்கிறார்கள், நான் அவர்களுக்கு ஆங்கிலம். ஆப்பில் இருப்பது ஏட்டு அரபு. "இப்போது" என்பதற்கு அது அல்-ஆன் என்கிறது, வளைகுடாக்காரர்கள் அல்ஹீன் என்கிறார்கள். அதையும் அவர்களே திருத்திவிடுகிறார்கள். இத்தனை மனிதர்களை இவ்வளவு சீக்கிரம் நெருங்கவைத்த வேறு எதுவும் என் போனில் இல்லை.

ஆனாலும் பணம் கட்டாதே, தங்கச்சி. நானும் இந்த முறை புதுப்பிக்கவில்லை. இலவசப் பகுதியிலேயே கார்டுகள் இருக்கின்றன, மேலே சொன்ன சந்தோஷத்துக்கு அதுவே போதும். படிக்க, மண்ணடிப் பக்கம் புத்தகக் கடைகளில் குறி போட்ட ஆரம்பப் பாடநூல் ஒன்று வாங்கிக்கொள். கட்டித்தான் தீருவேன் என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டு, ஆட்டோ-பேயை அன்றைக்கே நிறுத்திவிடு.