‘2020 மாடல் ஜிடி’ என்றால் எந்த ஜிடி? மாதவரம் பக்கம் பழைய போலோ பார்ப்பவர்கள் படிக்கவும்

போன வாரம் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வெள்ளை ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் இன்ஜின் போட்ட வேக ரகம்), ஆட்டோமேட்டிக், 2020 மாடல், சிங்கிள் ஓனர், மாதவரம் பக்கம். சீட் கவர் மட்டும் புதுசு. மற்றபடி பின் பம்பரின் இடது மூலைக் கீறல் வரைக்கும் அதே வண்டி. நான் காசு கொடுத்து வாங்கி, அல்லாடி, சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்த வண்டி. அடுத்தவர் தலையில் கட்டுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு. விற்ற பழைய கார் யார்டின் பெயரைப் போடவில்லை. கன்ஸ்யூமர் கமிஷனில் கேஸ் இருப்பதால் வக்கீல் வேண்டாம் என்கிறார். பெயர் போனால் போகட்டும், அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும். அதே கதையை நாளைக்கு வேறு யார்டிலும் ஓட்டுவார்கள்.

போலோ எல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்கிறவர்களுக்கு: சோழவரத்தில் பழைய போர்க்கால ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களை அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த, தண்டையார்பேட்டையில் மாதத் தவணை கட்டுகிற ஆளுக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். போர்ஷே வாங்குகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் புரிய வேண்டுமானால் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் போலோ 2010இல் வந்தது, 2022இல் நின்றது. நடுவில் 2017இல் வெளிநாடுகளில் புதுத் தலைமுறை வந்தது, அது இங்கே வரவே இல்லை. ஆக, பாடி எல்லாம் ஒரே தலைமுறைதான். மாறியது பானட்டுக்குக் கீழே. 2013இல் வந்த ஜிடி டிஎஸ்ஐயில் 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 105 குதிரைத்திறன், டிஎஸ்ஜி என்கிற இரட்டைக் கிளட்ச் ஏழு கியர் ஆட்டோமேட்டிக். 2020 ஏப்ரலில் கட்டாயமான பிஎஸ்6 என்கிற புகை விதிக்காக வந்த ஜிடியில் 1 லிட்டர், மூணு சிலிண்டர், 110 குதிரைத்திறன், ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் (கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் வகை). இரண்டிலும் டார்க் (இழுவிசை) 175 நியூட்டன் மீட்டர்தான். பின்னால் ஒட்டியிருக்கும் ஜிடி எழுத்தும் ஒன்றுதான். வெளியே நின்று பார்த்தால் சட்டென்று பிடிபடாது.

இங்கேதான் முதல் கொக்கி. முந்தைய விதிப்படி செய்த பிஎஸ்4 வண்டியை 2020 ஏப்ரல் 1 முதல் விற்கவும் கூடாது, பதியவும் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2018இலேயே சொல்லிவிட்டது. அதனால் 2020 மார்ச்சுக்குள் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட டீலர்கள் எல்லாம் பறந்தார்கள். 2019இல் செய்த 1.2 டிஎஸ்ஜி, 2020 பிப்ரவரியில் பதிவானால் அதுவும் ‘2020 மாடல்’. அதற்குப் பிறகு பதிவான 1 லிட்டரும் ‘2020 மாடல்’. இரண்டும் ஆட்டோமேட்டிக், இரண்டும் ஜிடி. விளம்பரத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

நான் தேடியது புதுசை. போனில் கேட்டபோதும் “பிஎஸ்6 தானே?” என்று கேட்டேன். “2020 வண்டி ப்ரோ, அப்புறம் என்ன?” என்று பதில் வந்தது. டோக்கன் (முன்பணம்) போட்டால்தான் நிறுத்தி வைப்போம், வேறு பார்ட்டி வருகிறார் என்ற வழக்கமான பாட்டு. 25,000 அனுப்பினேன். யார்டில் போய் நின்று ஆர்.சி.யைக் கையில் வாங்கினால் கியூபிக் கெபாசிட்டி 1197, சிலிண்டர் 4, தயாரிப்பு 2019.

சரி, டோக்கனைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அந்த ஆள் கோபப்படவில்லை, டீ வாங்கிவரச் சொன்னான். “ப்ரோ, உங்களுக்கு வண்டி தெரியும், அதனால சொல்றேன். புதுசு மூணு சிலிண்டர், சிக்னல்ல நின்னா ஸ்டியரிங் உதறும். இது நாலு சிலிண்டர், பட்டு மாதிரி. டிஎஸ்ஜி ஷிஃப்ட் அந்த டார்க் கன்வர்ட்டர்ல வருமா சொல்லுங்க? தெரிஞ்சவன் எல்லாம் இதைத்தான் தேடுறான்.” இதிலும் பொய் குறைவு. 1.2 மென்மையான இன்ஜின்தான், டிஎஸ்ஜி வேகமாகத்தான் மாற்றும். அரை மணி நேரம் பழசா புதுசா என்று இருவரும் மல்லுக்கட்டினோம். கடைசியில் 40,000 குறைத்தான், 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கு முடிந்தது.

இப்போது யோசித்தால் அந்த அரை மணி நேரம்தான் அவன் விற்ற சரக்கே. பேச்சு முழுக்க ‘எந்த ஜிடி நல்லது’ என்பதிலேயே சுற்றியதால், ‘இந்த ஜிடிக்கு என்ன ஆச்சு’ என்ற கேள்வி மேஜைக்கே வரவில்லை. கார் பிரியர்களிடம் இந்த வித்தை நன்றாகவே எடுபடும். சும்மா ஒரு வண்டி வேண்டும் என்று வருகிறவர் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். நம்மை மாதிரி ஆளுக்கு டார்க், கியர் ரேஷியோ என்று தீனி போட்டால் போதும்.

டெஸ்ட் டிரைவ் காலை ஏழு மணிக்கு, காலியாகக் கிடந்த 200 அடி ரோட்டில், பத்து நிமிடம். அருமையாகப் போனது. அந்த டிஎஸ்ஜியின் சங்கதி தெரிந்தவர்களுக்கு ஏன் காலை ஏழு மணி என்று இந்நேரம் புரிந்திருக்கும். இது எண்ணெயில் ஊறாத ட்ரை கிளட்ச் வகை. சூடேறினால்தான் கோளாறு வெளியே வரும்.

வந்தது. அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அம்மாவோடு எம்.சி. ரோடு போனோம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசை, வழக்கம்போல் நத்தை ஊர்வலம். ஊர்ந்து ஊர்ந்து வண்ணாரப்பேட்டை வந்து சந்தில் திரும்பும்போது டேஷ்போர்டில் கியர் எழுத்து மினுக்க ஆரம்பித்தது. எதிரே மீன்பாடி வண்டி ஒன்று. பின்னால் எடுக்கலாம் என்று ரிவர்ஸ் போட்டால் விழவே இல்லை. இன்ஜின் உறுமுகிறது, வண்டி அசையவில்லை. முன்னால் மட்டும் போகிறது. மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருத்தர் குனிந்து பார்த்தார். “இன்னா சார், பாக்க புச்சா கீது, பின்னாடி போவாதா?” நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் அந்தச் சந்திலிருந்து வெளியே வந்தோம். அம்மா அன்றைக்குப் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7ஐப் பார்க்கும். மற்றது 2, 4, 6, ரிவர்ஸ். இரண்டாவது பக்கம் படுத்துவிட்டால் ரிவர்ஸும் சேர்ந்து போய்விடும். இதை இயக்குகிற மெக்கட்ரானிக்ஸ் என்கிற யூனிட் கியர்பாக்ஸோடு கீழேயே உட்கார்ந்திருக்கிறது.

கொடுங்கையூரில் எங்கள் வீட்டு வண்டிகளை எல்லாம் பார்க்கிற பாய் இருக்கிறார். ஸ்கேனரை மாட்டினார். மெக்கட்ரானிக்ஸ் கோளாறு தெரிந்தது, அது எதிர்பார்த்ததுதான். அதோடு கதவு, லைட், ஏர்பேக் என்று சம்பந்தமில்லாத இடங்களில் எல்லாம் பழைய கோளாறுப் பதிவுகள். “இது கியர்பாக்ஸ் கதை மட்டும் இல்ல தம்பி” என்றவர், டிரைவர் பக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். மேலே ஒரு முழம் சுத்தம். உள்ளே சுருளின் அடியில் இருந்த பகுதி பழுப்பேறி, மொறமொறவென்று இருந்தது. அப்புறம் கால் வைக்கிற இடத்துக் கார்ப்பெட்டின் ஓரத்தை உயர்த்தினார். மேலே ஷாம்பு போட்ட வாசனை. அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு மெத்தையில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக. பாய் விரலால் தொட்டு என் மூக்கருகில் நீட்டினார். டீசல் மாதிரி, தார் மாதிரி ஒரு நாற்றம்.

வடசென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை. தண்ணீரோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் சேர்ந்து வந்தது. எர்ணாவூர், எண்ணூர் வீட்டுச் சுவர்களில் அந்தக் கறுப்புக் கோட்டை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதே கோடு என் கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்தது.

ஆர்.சி.யில் இருந்த முகவரிக்குப் போனேன். ஓனர் நல்ல மனுஷர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். “அந்த வண்டி இன்னும் ஓடுதா தம்பி?” என்று அவர்தான் ஆச்சரியப்பட்டார். சீட்டு உயரத்துக்குத் தண்ணீர் நின்றதாம். இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் போட்டுப் பணம் கொடுத்துவிட்டார்கள், வண்டியை உடைசலாக ஒருத்தர் எடுத்துப் போய்விட்டார். பெயர் மட்டும் மாறாமல் இவர் பெயரிலேயே கிடக்கிறது. அதனால்தான் விளம்பரத்தில் ‘சிங்கிள் ஓனர்’. அதுவும் பொய் கிடையாது பாருங்கள்!

யார்டுக்குப் போனபோது ‘ப்ரோ’ எல்லாம் போய்விட்டது, ‘சார்’ ஆகியிருந்தேன். “நீங்கதான பாத்து ஓட்டி எடுத்தீங்க” என்றான். 1915க்குப் போன் போட்டு நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன், வக்கீல் நோட்டீஸ் விட்டேன். பெயர் மாற்றம் இன்னும் ஆகாததும், பழைய ஓனர் இன்சூரன்ஸ் கடித நகலைக் கொடுத்ததும் கை கொடுத்தன. வண்டியை எடுத்துக்கொண்டு 70,000 பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தான். அந்த 70,000க்கும், பட்ட அலைச்சலுக்கும் சேர்த்துத்தான் இப்போது வடசென்னை மாவட்ட ஆணையத்தில் கேஸ். 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை என்பார்கள். கணக்கு நாம் வாங்கிய பொருளின் விலையை வைத்து, கேட்கிற தொகையை வைத்து அல்ல. எனக்குக் கொஞ்சம் கட்ட வேண்டி வந்தது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

பழைய வண்டி பார்க்கிறவர்களுக்குச் சில விஷயம். ஜெராக்ஸ், வாட்ஸ்அப் படம் எல்லாம் வேண்டாம், டோக்கனுக்கு முன்னால் ஆர்.சி.யின் இரண்டு பக்கமும் தெளிவாகக் கேளுங்கள். பதிவுத் தேதியைப் பார்க்காதீர்கள், தயாரிப்பு மாதம், சிசி, பிஎஸ் எது என்று பாருங்கள். கண்ணாடியில் ஒட்டிய பதிவெண் ஸ்டிக்கரில் மேலே பச்சைப் பட்டை இருந்தால் பிஎஸ்6.

இன்சூரன்ஸ் காகிதம் நிறையப் பேசும். நான் வாங்கிய வண்டிக்கு இருந்தது வெறும் தர்ட் பார்ட்டி, அதுவும் புதிதாகப் போட்டது. இத்தனை லட்ச ரூபாய் வண்டிக்கு ஏன் முழு இன்சூரன்ஸ் இல்லை, முந்தைய பாலிசி எங்கே என்று கேளுங்கள். ஒரே ஓனர் விடாமல் புதுப்பித்த வண்டியில் நோ கிளைம் போனஸ் (கிளைம் வாங்காதவருக்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி) பூஜ்யம் என்றால் முந்தின வருடம் கிளைம் வாங்கியிருக்கிறார்கள், எதற்கு என்று தெரிந்தாக வேண்டும்.

வண்டியில் மாட்டினால் கோளாறுப் பதிவுகளைப் போனில் காட்டுகிற ஓபிடி ரீடர் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. கோளாறு எதுவும் காட்டவில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். கோளாறுப் பதிவை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பெரும்பாலான ஆப்கள் காட்டும். 60,000 ஓடிய வண்டியில் அந்த எண் 15 என்று இருந்தால், நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்து நேற்று துடைத்திருக்கிறார்கள். பாய் சொல்லிக் கொடுத்த பாடம் இது, எனக்கு 70,000 ஆனது, உங்களுக்கு இலவசம்.

யார்டிடம் ஃபார்ம் 29பி கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வேண்டும், அந்தச் சான்றிதழ்தான் அது. நான் எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டேன், பேச்சை மாற்றினான்.

எந்த ஜிடி என்று இன்னும் கேட்பீர்கள். ஈசிஆரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவேன், ஆத்தரைஸ்டு சர்வீஸ் ரெக்கார்டு முழுசாகக் கையில் இருக்கிறது என்றால் 1.2 இன்றைக்கும் ஆசையான வண்டிதான். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் கண்டெய்னருக்குப் பின்னால் ஊர்கிற ஆளுக்கு டார்க் கன்வர்ட்டர் 1 லிட்டர்தான் சரி, அல்லது அதே இன்ஜினில் ஆறு கியர் மேனுவல் வந்த ஹைலைன் பிளஸ். மூணு சிலிண்டர் உதறல் இருக்கும். மெக்கட்ரானிக்ஸுக்கு பாய் சொன்ன ஒன்றரை லட்ச எஸ்டிமேட்டைப் பார்த்த பிறகு அந்த உதறல் எனக்குத் தாலாட்டாகத்தான் இருக்கிறது.

அந்த யார்டில் வாங்கி இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். இன்னும் இரண்டு மூன்று புகார் சேர்ந்தால் கேஸுக்குப் பலம் என்கிறார் வக்கீல். டோக்கன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அவர்கள் போட்ட விளம்பரப் படம், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள்.