கன்னிமாராவில் ஒரு ராத்திரிச் சாப்பாடு

கன்னிமாரா என்றால் சென்னையில் பாதிப் பேருக்கு எழும்பூர் நூலகம்தான் ஞாபகம் வரும். அதே பெயரில் மவுண்ட் ரோடு பக்கம் பின்னி சாலையில் இருக்கும் ஓட்டல் எனக்குப் பல வருடமாக பஸ்ஸிலிருந்து தெரியும் ஒரு வெள்ளைக் கட்டடம், அவ்வளவுதான். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குத்தான் முதல்முறையாக உள்ளே போனோம்.

இரண்டுக்கும் பெயர் வந்தது ஒரே ஆளால். 1886 முதல் 1890 வரை மதராஸ் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபு. அது அயர்லாந்தில் ஒரு பகுதியின் பெயர், ஆனால் நம் வாயில் விழுந்து விழுந்து கன்னிமார் கோயில் மாதிரி ஆகிவிட்டது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஓட்டல் அவருக்கும் மூத்தது. 1854-ல் இம்பீரியல் என்று தொடங்கி, அப்புறம் ஆல்பனி ஆகி, அதற்குப் பிறகுதான் கன்னிமாரா. அடுத்து பக்கத்திலேயே கடை வைத்திருந்த ஸ்பென்சர்காரர்கள் கைக்குப் போனது. 1937-ல் ஆர்ட் டெகோ என்று அந்தக் காலத்தில் பரவலாக இருந்த கட்டடப் பாணியில் புதுப்பித்தார்கள், இலங்கை நாடாளுமன்றத்தை வடிவமைத்த கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் இங்கே நீச்சல்குளத்தையும் அதையொட்டிய பகுதியையும் வடிவமைத்தார். கடைசியாக 2016-ல் மூடி 2018-ல் திறந்தார்கள்.

இந்தக் கடைசி வேலைதான் என்னை அசத்தியது. புதுப்பிக்கிறேன் என்று சொல்லி எங்கே பார்த்தாலும் கண்ணாடியும் கிரானைட்டுமாக அடித்துவிடுவார்கள், எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாது. இங்கே 1937-ன் முகத்தைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். வெள்ளை முகப்பு, நேர்க்கோடுகள், உயரமான கூரை, அப்படியே நடந்தால் பாவாவின் குளமும் மரங்களும், ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கு நடந்து போவது போலவே இருக்கிறது.

சாப்பாடு ஓட்டலுக்குள்ளேயே இருக்கும் ரெயின்ட்ரீ உணவகத்தில், மரத்தடியில், செட்டிநாட்டுச் சமையல். கறிவேப்பிலை இறால் கட்டாயம் சொல்லுங்கள், கறிவேப்பிலை வாசனை முதலில் வந்து மிளகுக் காரம் மெதுவாகப் பின்னால் ஏறுகிறது. கோழிக் குழம்பும் நன்றாக இருந்தது. காரைக்குடிப் பக்கம் பிறந்த அம்மா எந்த ஓட்டல் குழம்பையும் லேசில் ஒப்புக்கொள்ளமாட்டார், இதற்கு இரண்டாவது தடவை சாதம் கேட்டார். விலை ஐந்து நட்சத்திர விலைதான், மாதாமாதம் போகிற இடம் இல்லை.

ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பேட்டையை ஒரு சுற்று நடந்துவிடுங்கள், அது இல்லாமல் இந்த ஓட்டல் பாதிதான் புரியும். பக்கத்தில் ஸ்பென்சர் பிளாசா வாசலில் அப்பா ரொம்ப நேரம் நின்றார். செங்கல் நிறத்தில் இருந்த பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983-ல் தீயில் போனது, அதே இடத்தில் எழுந்த மாலில்தான் எனக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கித் தந்தார். இப்போது புது மால்கள் வந்து அங்கே கூட்டம் குறைந்துவிட்டது. எதிர்ப்பக்கம் எல்.ஐ.சி., 1959-ல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம், 14 மாடி. கொஞ்ச தூரத்தில் ஹிக்கின்பாதம்ஸ், 1904-ல் கட்டிய கட்டடத்தில் இன்றும் புத்தகம் விற்கிறார்கள். ஓட்டலுக்குக் கிடைத்த அக்கறையில் கால்வாசி இந்தத் தெருவுக்குக் கிடைத்தால் போதும் என்று நடக்கும்போதெல்லாம் தோன்றியது. நடைபாதையாவது உடையாமல் இருக்கலாம். முட்டிவலியோடு நடக்கும் அம்மாவை ஒவ்வொரு பள்ளத்துக்கும் கை பிடித்துத்தான் கூட்டிப்போனேன்.

மெட்ரோவில் எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கினால் பக்கம். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள், சாயங்கால வெயில் அந்த வெள்ளை முகப்பில் விழுவதைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம்.