ரீலா, லைனா? ஃப்ளை தூண்டிலில் பணத்தை எதில் போடுவது

ஃப்ளை தூண்டில் வாங்கப் போகிறவர்களை முதலில் மயக்குவது, தூண்டில் நூலான லைனைச் சுற்றி வைக்கும் ரீல்தான். ஆனால் வீசும்போது ரீலுக்கு வேலையே இல்லை. இறகும் நூலும் கட்டிய செயற்கை இரையான ஃப்ளைக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதைச் சுமந்து செல்வது லைனின் எடை. எனவே கோலில் பொறித்த எண்ணைப் பார்த்து முதலில் லைனை முடிவு செய்யுங்கள்.

லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது. 5ஆம் எண்ணுக்கு 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 8ஆம் எண்ணுக்கு 210 கிரெய்ன். விறைப்பான கோல்களுக்கென்று இப்போது வரும் லைன்கள் பல, இதைவிட அரை எண் அல்லது ஓர் எண் கூடுதல் எடையுள்ளவை. பெட்டியில் கிரெய்ன் கணக்கையும் படித்துவிடுங்கள். மெதுவாக வளையும் கோலில் அத்தகைய லைனை மாட்டினால் வீச்சு தொய்ந்துவிடும்.

அடுத்த கேள்வி, வெயிட் ஃபார்வர்டா, டபுள் டேப்பரா? முன்னதில் கனமெல்லாம் முன்பகுதியில். பின்னால் வரும் மெல்லிய பகுதி கோலின் வளையங்களில் வழுக்கி ஓடுவதால் தூரம் கிடைக்கிறது. காற்றடிக்கும் ஏரிக்கும் கடலுக்கும் அதுவே சரி. சிற்றோடைக்கு என் ஓட்டு, இரு முனையும் மெலிந்து நடுவில் பருத்த டபுள் டேப்பருக்கு. நீர்மேல் கிடக்கும் லைனைத் தூக்கி நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் போட, நடுவிலும் கனம் வேண்டும்; அது இதில் இருக்கிறது. ஒரு முனை தேய்ந்தால் திருப்பிச் சுற்றி மறுமுனையைப் பயன்படுத்தலாம் என்பது கூடுதல் லாபம். பருமன் அதிகம் என்பதால் ரீலில் லைனுக்கு அடியில் சுற்றும் பேக்கிங் நூலுக்கு இடம் குறையும்.

இனி ரீல். ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்க, பல்சக்கரத்தில் சிறு கொக்கி தட்டி லேசாகத் தடுக்கும் கிளிக் அண்டு பால் (pawl) வகையே போதும். லைனைப் பெரும்பாலும் கையால்தான் இழுக்கிறோம். லைன் சுற்றிய உருளையான ஸ்பூல் மிஞ்சிச் சுழன்று சிக்காமல் இருந்தால் சரி. அங்கே, தட்டுகள் உரசி ஸ்பூலைத் தடுக்கும் விலையுயர்ந்த டிஸ்க் பிரேக் வாங்குவது வீண் என்பதே என் உறுதியான கருத்து. அந்தப் பணத்தில் நல்ல லைன் வாங்குங்கள்.

கடலில் கணக்கு தலைகீழ். போன்ஃபிஷ் என்ற கடல்மீன் ஒரே ஓட்டத்தில் லைன் முழுவதையும் உருவிப் பேக்கிங்கையும் இழுத்துச் செல்லும். அப்போது பிரேக் ஒரு கணம் திக்கினாலும் லைன் நுனியில் கட்டிய தங்கூசி அறுந்துவிடும். உப்பும் மணலும் புகாதபடி மூடிய டிஸ்க் பிரேக், 30 பவுண்டு இழுவிசை தாங்கும் டேக்ரான் பேக்கிங், இரண்டிலும் சிக்கனம் வேண்டாம். அகன்ற ஆர்பர் (ஸ்பூலின் நடுத்தண்டு) உள்ள ரீல் லைனை வேகமாகச் சுற்றும். மீன் நம்மை நோக்கிப் பாயும்போது அந்த வேகம்தான் காப்பாற்றும்.

கடல் ரீலுக்குக் கடல் லைனே வாங்குங்கள். குளிர்நீர் லைன் வெப்பத்தில் இளகி வளையங்களில் ஒட்டும். வெப்பமண்டல லைனோ குளிர்ந்த நீரில் ஸ்பிரிங் போலச் சுருண்டு நிற்கும். ஓடைக்கும் கடலுக்கும் ஒரே ரீல்தான் என்றால், இன்னொரு ஸ்பூல் வாங்கி அதில் மற்ற லைனைச் சுற்றி வைத்துக்கொள்வதே வழி.